கடலையளவுக் கட்டிக்கு எத்தனை வயது?

வற்றாப்பளைப் பொங்கலில் வாங்கிச் சாப்பிடும் அவித்த கடலை ஒன்றை விரல்களுக்கிடையில் உருட்டிப் பாருங்கள். குறுக்களவு ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர். மார்பில் அந்த அளவில் ஒரு புற்றுநோய்க் கட்டி இருந்தால் அதற்குள் சுமார் 100 கோடி கலங்கள் இருக்கும். அத்தனையும் வழிதவறிய ஒரேயொரு கலத்தின் வழித்தோன்றல்கள்!

ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, 30 தடவை இரட்டித்தாலே 100 கோடி தாண்டிவிடும். ஒரு தடவை இரட்டிக்கும் காலம் கட்டிக்குக் கட்டி மாறும். 100 நாள் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 8 வருடத்துக்கு மேல். 48 வயதில் கட்டியைக் கண்டுகொண்ட பெண்ணுக்கு அது 40 வயதிலேயே உள்ளே இருந்திருக்கிறது. 20 தடவை இரட்டித்த பிறகும் அது 1 மில்லிமீற்றர்தான். எந்த விரலுக்கும் அகப்படாது.

1 சென்ரிமீற்றர் 2 ஆவதற்கு இன்னும் மூன்றே இரட்டிப்புகள், அதாவது 300 நாள். விரலுக்கு இருமடங்காகத் தெரிவது உள்ளே எட்டு மடங்கு. நோயின் படிநிலை, அதாவது அது எவ்வளவு முற்றியது என்பதைக் குறிக்கும் எண், இங்கேதான் மாறுகிறது. 2 சென்ரிமீற்றருக்குள் இருந்து, அக்குளின் நிணநீர்க் கணுக்களும் சுத்தமாக இருந்தால் முதலாம் படிநிலை. திசுக்களில் வடியும் நீரைச் சலிக்கும் சிறு முடிச்சுகளே இந்தக் கணுக்கள். தப்பியோடும் கலங்கள் பெரும்பாலும் முதலில் சிக்குவது அவற்றில்தான்.

மும்பையில் 1998இல் டாட்டா மெமோரியல் வைத்தியசாலை ஓர் ஆய்வு தொடங்கியது. 35 முதல் 64 வயது வரையான ஏறத்தாழ 1,50,000 பெண்கள். பாதிப்பேரின் மார்பைப் பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் இரண்டு வருடத்துக்கொருமுறை கையாலேயே சோதித்தார்கள். 2021இல் வெளிவந்த முடிவு இது: நோய் கண்டறியப்பட்ட சராசரி வயது சோதிக்கப்படாதவர்களில் 56.5, சோதிக்கப்பட்டவர்களில் 55.2. மூன்றாம், நான்காம் படிநிலையில் பிடிபட்ட நோயாளிகள் முன்னவர்களில் 47 சதவீதம், பின்னவர்களில் 37. வயதில் 16 மாதம் சிறிய வித்தியாசமாகத் தோன்றலாம். 100 நாள் கணக்கில் அது கிட்டத்தட்ட ஐந்து இரட்டிப்பு, 32 மடங்கு கலங்கள்! 50 வயதைக் கடந்தவர்களில் மார்பகப் புற்றுநோய் மரணம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது; அதற்குக் கீழே அந்தப் பலன் தெரியவில்லை.

முள்ளியவளையிலிருந்து தெல்லிப்பழைப் புற்றுநோய்ப் பிரிவுக்கு 100 கிலோமீற்றருக்கு மேல். கையால் சோதிக்க அவ்வளவு தூரம் போக வேண்டாம். சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகளில் நடக்கும், மார்பையும் சோதிக்கும் வெல் வுமன் கிளினிக் இலங்கையில் 1996இல் தொடங்கியது. 35 வயதுப் பெண்களை அழைக்கிறார்கள். கிளினிக் நடக்கும் நாளைக் குடும்பநல மாதுவிடம் கேட்கலாம். ஆனால் கட்டி தட்டுப்பட்டால், நோகாவிட்டாலும், எந்த வயதென்றாலும், கிளினிக் நாளுக்குக் காத்திராமல் நேரே மாஞ்சோலையிலுள்ள மாவட்ட வைத்தியசாலைக்குப் போங்கள்.