முதலில் துணியைப் பாருங்கள்

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று நீளும் எங்கள் கிழக்கிலங்கைக் கரையோரத்தில் பெண்களின் உடுப்பு ஓயாத பேச்சுப் பொருளாகிவிட்டது. முந்தானையை இழுத்து முக்காடு போட்ட சாரி, 1980களுக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அபாயாவுக்கு இடம் விட்டது. 2018இல் திருகோணமலையில் ஒரு பாடசாலை ஆசிரியைகளின் அபாயா நாடு முழுக்க சர்ச்சையானது. 2019 ஏப்ரல் தாக்குதல்களை அடுத்து முகத்தை மூடும் உடை அவசரகால விதிகளின் கீழ் தடைசெய்யப்பட்டது. மார்க்க அறிஞர்கள், அரசியல்வாதிகள், ஆய்வாளர்கள் என எல்லோரும் அபிப்பிராயம் சொன்னார்கள். அந்த உடுப்பு எந்த நூலில் நெய்தது, அதை உடுத்திக்கொண்டு பங்குனி வெயிலில் பஸ்ஸுக்கு நிற்கும் பெண்ணின் உடம்புக்கு அது என்ன செய்கிறது என்று கேட்டவர்கள்தான் குறைவு. உடுப்பு வாங்குவதில் முதல் கேள்வி துணியைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்பது என் துணிபு. வெட்டு, நிறம், கல் வேலை எல்லாம் அதன் பிறகு வரட்டும்.

காரணம் எளியது. காற்றில் ஈரப்பதன் 65 வீதமாக இருக்கும்போது பருத்தி நூல் தன் எடையில் ஏறக்குறைய 8 வீத ஈரத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும். விஸ்கோஸ் 11 வீதத்துக்கும் மேல் வாங்கும். பொலியெஸ்டர் அரை வீதம்கூட வாங்காது. அதனால்தான் பொலியெஸ்டர் உள்சட்டைக்குள் வியர்வை போக வழியில்லாமல் தோலிலேயே நிற்கிறது. கழுத்திலும் அக்குளிலும் வேர்க்குரு வருகிறது. கறுப்பு அபாயாதான் சூட்டுக்குக் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். பாலைவனத்து பதூவீன்கள் ஏன் கறுப்பு அங்கி அணிகிறார்கள் என்று ஆராய்ந்த ஒரு கட்டுரை 1980இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. கறுப்பு அங்கி வெள்ளையை விடக் கூடுதலாக வெப்பத்தை இழுத்தாலும், தளர்வான அங்கிக்குள் புகுந்து போகும் காற்று அந்த வெப்பத்தைத் தோலுக்கு வரவிடாமல் கொண்டுபோய்விடுகிறது என்று அந்த ஆய்வு கண்டது. கறுப்பின் மேல் பழியைப் போடுவதற்கு முன் வெட்டின் தளர்வைப் பார்க்க வேண்டும். ஆனால் பாலைவனக் காற்று உலர்ந்த காற்று. எங்களிடம் வருஷத்தின் நடுவில் கச்சான் வீசும் மாதங்களில் அந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். ஐப்பசியில் மாரி தொடங்கிவிட்டால் காற்றே நனைந்திருக்கும். தளர்வு மட்டும் போதாது, உள்ளே ஈரத்தை உறிஞ்சும் துணியும் வேண்டும்.

பருத்தி கசங்கும், சாயம் மங்கும், மாரியில் இரண்டு நாளானாலும் காயாது என்று மறுப்பார்கள். மூன்றும் உண்மை. அதனால் அலுமாரி முழுவதையும் பருத்தியால் நிரப்பச் சொல்ல மாட்டேன். வெளியே போடும் அபாயாவுக்கான நிதா, கிரேப் போன்ற துணிகள் பெரும்பாலும் பொலியெஸ்டர்தான் என்றாலும், அவை கசங்காது, மழையில் நனைந்தாலும் விரைவில் காயும். தோள், கை, இடுப்பில் காற்றோடும்படி தைத்தால் அவை போதும். உடம்பில் ஒட்டும் உள்சட்டையும் உள்பாவாடையும், நாள் முழுக்கத் தலையைச் சுற்றியிருக்கும் சோலும் மட்டும் பருத்தியாகவோ விஸ்கோஸாகவோ இருக்கட்டும். விஸ்கோஸ் நனைந்தால் வலு குறையும். அதை அடித்துத் துவைக்கக் கூடாது.

கடையில் ‘கொட்டன்’ என்று சொல்லித் தருவதெல்லாம் பருத்தி ஆகாது. ஓரத்தில் ஒரு நூலை உருவி வீட்டில் நெருப்பில் காட்டிப் பாருங்கள். பருத்தி கடதாசி எரிவது போல எரிந்து மெல்லிய சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகிக் கட்டியாக உறையும். துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் உள்ளே தெரியுமா என்பதும் கடையிலேயே விளங்கிவிடும். பருத்தியைத் தைக்கக் கொடுக்கும் முன் ஒரு இரவு தண்ணீரில் ஊறவையுங்கள். சுருங்குவது அப்போதே சுருங்கிவிடும். தைக்கும்போது தோள் தையல் தோள் எலும்பின் முனையில் நிற்கிறதா என்று பாருங்கள். கை எத்தனை அகலமாக இருந்தாலும் தோள் சரியாக விழுந்தால் உடுப்பு எடுப்பாகத் தெரியும். மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்காருகிறவர்கள் அபாயாவின் நீளத்தையும் சோலின் நுனியையும் அழகுக் கணக்கில் மட்டும் விடக் கூடாது. சக்கரத்திலோ சங்கிலியிலோ துணி சிக்கினால் உயிராபத்து. விளிம்பு கணுக்காலோடு நிற்கட்டும், சோலின் நுனியை உள்ளே செருகிக்கொள்ளுங்கள்.

மேலே அபாயா இருக்கும்போது உள்ளே எதைப் போட்டால் என்ன என்ற கேள்வியும் உண்டு. அபாயா போடும் பெண் அதை வீட்டு வாசல்படியில் கழற்றுகிறாள். நாளின் பெரும்பகுதி வீட்டிலும் பெண்கள் கூடும் இடத்திலும் கழிகிறது. கல்யாண வீட்டில் பெண்கள் பக்கத்தில்தான் சாரியும் சல்வாரும் பார்க்கப்படுகின்றன. ஆகவே ஒரு அலுமாரிக்குள் இரண்டு அலுமாரிகள் இருக்கின்றன. பலர் வெளி அலுமாரிக்குப் பெருநாளுக்குப் பெருநாள் கல் பதித்த அபாயா வாங்கிவிட்டு, உள் அலுமாரிக்கு மிச்சக் காசை ஒதுக்குகிறார்கள். இது தலைகீழ். நல்ல வெட்டில் மூன்று அபாயா, அவற்றோடு மாற்றி மாற்றிப் போட முகத்துக்குப் பொருந்தும் நிறங்களில் ஐந்தாறு சோல் இருந்தால் வேலைக்குப் போகிறவருக்கும் போதும். மிச்சப் பணம் தோலில் படும் துணிக்குப் போகட்டும். அழகாக உடுத்துவது மார்க்கத்துக்கு எதிரானது என்று சங்கடப்படுவோர் குர்ஆனின் ஏழாம் அத்தியாயம் 31ஆம் வசனத்தைப் பார்க்கலாம். அலங்கரித்துக்கொள்ளும் கட்டளையும் வீண்விரயத்துக்கு எதிரான எச்சரிக்கையும் அந்த ஒரே வசனத்தில் இருக்கின்றன.

இந்தப் பேச்சை மருதமுனையைத் தொடாமல் முடிக்க முடியாது. கல்முனைக்குப் பக்கத்திலேயே தறி இருக்கும் ஊர் அது. மருதமுனைச் சாரனும் சாரியும் நாடெங்கும் பேர் பெற்றவை. 1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டபோது கைத்தறி நெசவு நாடு முழுவதும் அடிவாங்கியது. 2004 டிசம்பர் 26இல் வந்த கடல் மருதமுனையின் தறிகளையும் கொண்டுபோனது. 2022இல் ரூபாய் விழுந்ததும் வெளிநாட்டிலிருந்து வரும் நூலும் சாயமும் எட்டாத விலைக்கு ஏறின. கைத்தறி விலை கூட என்பது நியாயமான முறைப்பாடுதான். ஆனால் ஒரு சாரியின் வேலை கட்டுவதோடு முடிவதில்லை. கட்டிப் பழகி மென்மையான சாரியை உள்சட்டையாகவும் பிள்ளைகளின் வீட்டு உடுப்பாகவும் வெட்டித் தைக்கலாம். உருகும் நூலில் நெய்ததற்கு அந்தப் பயன் கிடையாது. வாங்கும்போது நூல் இலக்கத்தைக் கேளுங்கள்: 60ஆம் இலக்க நூல் 40ஐ விட மெல்லியது, சோலுக்கு அதுவே ஏற்றது. அடுத்த நோன்புப் பெருநாளுக்குக் கடைத்தெருவுக்குப் போகும் முன் ஒருமுறை மருதமுனைக்குப் போய்த் துணியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வாருங்கள்.