தூசி சைசில் முத்துச்சிப்பி குஞ்சு! தொட்டியில் வளர்ப்பது எப்படி?

தூத்துக்குடி:

'முத்துநகர்' என்று ஊருக்குப் பேர் இருக்கு. சென்னைக்குப் போகிற ரெயிலுக்கும் அதே பேர்தான். ஆனால் இங்கே கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல்! அதோடு சரி. கடலுக்கு அடியில் உள்ள 'பார்' எனப்படும் பாறைத்திட்டுகளில் குளிக்கிற அளவுக்கு சிப்பி சேரவில்லை.

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகள் 1973-ல் வேப்பலோடையில் வளர்ப்பு முத்து எடுத்துக் காட்டினார்கள். அதற்கும் கடலில் இருந்துதான் சிப்பி எடுக்க வேண்டியிருந்தது. சிப்பி கிடைக்காவிட்டால் முத்து ஏது? அதனால் சிப்பிக் குஞ்சையே தொட்டியில் பொரிக்க இறங்கினார்கள். 1981-ல் தூத்துக்குடியில் அது பலித்தது.

சூடு பட்டால் முட்டை

முதிர்ந்த சிப்பிகள் இருக்கும் கடல்நீரை லேசாக சூடாக்குவார்கள். கொஞ்ச நேரத்தில் ஆண் விந்தையும் பெண் முட்டையையும் தண்ணீரில் பீய்ச்சும். முட்டை லட்சக்கணக்கில் வரும். ஒரு மில்லிமீட்டரை 20 பங்கு போட்டால் ஒரு பங்குதான் ஒரு முட்டை. கண்ணுக்குத் தெரியாது, மைக்ராஸ்கோப்தான் வேணும்.

சுமார் ஒரு நாளில் இங்கிலீஷ் 'டி' எழுத்து மாதிரி குட்டி ஓடு முளைத்துவிடும். ஆச்சரியம் என்னவென்றால், பெரிசானால் இடத்தை விட்டு நகராத சிப்பி, குஞ்சாக இருக்கும்போது நீந்துகிறது!

சாப்பாடு முக்கியம்

தீனி, ஐசோகிரைசிஸ் என்ற நுண்பாசி. அதையும் தனியாக வளர்த்துத்தான் கொடுக்கணும். குறைந்தால் குஞ்சு பட்டினி, கூடினால் தண்ணீர் கெட்டுவிடும். பாக்டீரியா புகுந்தால் தொட்டியே காலி. அதனால் வடிகட்டிய கடல்நீரைத்தான் விடுவார்கள். பழைய தண்ணீரை மாற்றும்போது குஞ்சுகளை சல்லடையில் பிடித்து வைப்பார்கள். கைப்பிள்ளை வளர்க்கிற வேலைதான்.

மூன்று நான்கு வாரத்தில் குஞ்சுக்கு கண்புள்ளி வரும், கால் முளைக்கும். இடம் தேடி ஊர்ந்து, நூல் விட்டு ஒட்டிக்கொள்ளும். அத்தோடு நீச்சல் முடிந்தது. பிறகு கூண்டில் போட்டு கடலில் தொங்கவிட்டு வளர்ப்பார்கள்.

குஞ்சுகளைப் பாரில் கொண்டுபோய் விட்டும் பார்த்தாச்சு. அங்கே திருக்கை இருக்கு, ஓட்டைத் துளைத்துத் தின்கிற நத்தை இருக்கு. நீரோட்டம் வேறு மணலைக் கொண்டுவந்து மூடிவிடும். தொட்டியில் காப்பாற்றுகிற மாதிரி கடலில் யார் காப்பாற்றுவது?

முத்துக்குளிப்பு மறுபடி நடக்கவே இல்லை. இன்றைக்கும் இங்கே கடலில் குதிக்கிறார்கள். சங்குக்காக!