கைமாறும் இடத்தில் கசியும் கூரை

ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு 5 அங்குல கனத்தில் தளம் போட்டால் அதன் எடை ஏறக்குறைய 29 டன். காலையில் ஜல்லியும் எம்-சாண்டுமாகத் தெருவோரம் குவிந்து கிடப்பது, பொழுது சாய்வதற்குள் சவுக்கு முட்டுகளின் மேல் கூரையாகி நிற்கிறது. கீழ்பென்னாத்தூரில், திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குப் போகும் அந்தச் சாலையோர ஊரில், தளம் போடும் நாளன்று மிக்சர் மிஷின் போடும் சத்தம் நாலு தெருவுக்குக் கேட்கும். ஆனால் கூரை ஒழுகுமா ஒழுகாதா என்பதைச் சத்தமே இல்லாத வேறொன்று தீர்மானிக்கிறது. ஒரு செட் ஆட்கள் வேலையை முடித்துவிட்டு அடுத்த செட்டிடம் விட்டுப் போகும் அந்த இடைவெளிதான் அது.

ஒரு தளத்துக்குக் குறைந்தது ஐந்து வகை ஆட்கள் வேண்டும். சென்ட்ரிங் அடிப்பவர்கள், கம்பி கட்டுபவர்கள், பைப் பதிக்கும் எலக்ட்ரீஷியன், பிளம்பர், கடைசியாக மிக்சரோடு வந்து இறங்கும் காங்கிரீட் செட். ஐந்து பேரையும் தனித்தனியாகப் பேசி அமர்த்துகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் பத்துக்கு ஒன்பது தடவை சொன்ன நாளில் வந்துவிடும் நல்லவர்கள்தான். அப்படியும் ஐவரும் தவறாமல் வந்து சேர வாய்ப்பு எவ்வளவு? 0.9-ஐ ஐந்து முறை பெருக்கிப் பாருங்கள்: 0.59. பத்துத் தளத்தில் ஆறுதான் சொன்ன நாளில் போடப்படும். யாரும் ஏமாற்றவில்லை, கணக்கே அப்படி. இதில் மல்லாட்டை பிடுங்கும் பருவம் வந்துவிட்டால் சித்தாள் கிடைப்பதே குதிரைக்கொம்பு.

ஐந்து வேலையையும் தன் சொந்த ஆட்களை வைத்தே செய்யும் மேஸ்திரிக்கு இந்தப் பெருக்கல் தொல்லை பெரும்பாலும் இல்லை. எலக்ட்ரீஷியன் வரவில்லையா, கம்பி கட்டுபவர்களில் பைப் பதிக்கத் தெரிந்த ஒருவர் கைகொடுப்பார். சென்ட்ரிங் தாமதமா, கொத்தனார் அன்றைக்குப் பூச்சு வேலைக்குப் போவார். கார்த்திகை தீபத்தன்று மட்டும் எந்த மேஸ்திரியின் ஆட்களும் வரமாட்டார்கள் என்பது வேறு கதை.

நாள் தவறுவதாவது வெளியே தெரிந்துவிடும். தெரியாத சேதம் காங்கிரீட்டுக்குள்ளே நடக்கிறது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பாரத்தைத் தாங்கும் கம்பி மேற்பக்கமாக ஓட வேண்டும். நீட்டிய பலகையின் மேல்முகம்தான் இழுபடும். கம்பி கட்டுபவர் ‘சேர்’ எனும் கம்பித் தாங்கிகளை வைத்து, அடியிலிருந்து 100 மில்லிமீட்டர் உயரத்தில் அதைச் சரியாகவே நிறுத்திவிட்டுப் போகிறார். மறுநாள் வரும் காங்கிரீட் ஆட்கள் பாண்டைத் தூக்கிக்கொண்டு அதே கம்பிமேல் நடக்கிறார்கள். கம்பி ஓர் அங்குலம் இறங்கினால் போதும், பால்கனியின் வலிமையில் கால் பங்கு போய்விடும். கம்பிக்காரர் மேல் தப்பில்லை, காங்கிரீட்காரருக்கு விஷயமே தெரியாது. சொந்த ஆட்கள் என்றால் நேற்று கம்பி கட்டியவரே இன்று பக்கத்தில் நின்று, “கம்பி மேல மிதிக்காதப்பா, பலகை போட்டு நட” என்று அதட்டுவார்.

அடுத்தது தண்ணீர். சிமென்ட் காய்ந்து இறுகுவதாகத்தான் நம்மில் பலரும் நினைக்கிறோம். உண்மையில் அது தண்ணீரோடு வேதிவினை புரிந்து இறுகுகிறது. இதற்கு நீரேற்றம் என்று பெயர். 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர் விட்டால் இந்த வினைக்குத் தாராளம். அதற்கு மேல் விடும் தண்ணீர் பின்னால் வெளியேறும்போது நுண்துளைகளை விட்டுச் செல்கிறது. தண்ணீர் கூடக் கூட வலிமை குறையும் என்ற விதியைச் சிகாகோவைச் சேர்ந்த டஃப் ஆப்ராம்ஸ் 1918-லேயே வகுத்துவிட்டார். மூட்டைக்கு 5 லிட்டர் கூட்டினால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வலிமை போச்சு. நம் ஆயிரம் சதுர அடித் தளத்துக்குச் சுமார் 95 மூட்டை ஆகும். ஆக, 500 லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி ஒன்றைக் கூரைக்குள் கவிழ்த்த மாதிரி. இவ்வளவும் ஏன்? கலவை இளகலாக இருந்தால் சீக்கிரம் தள்ளிப் பரப்பிவிடலாம். மொத்தமாகப் பேசி வந்த செட்டுக்கு மதியமே முடிந்தால் லாபம். நாள்கூலி வாங்குகிற, நாளைக்கும் இதே வீட்டுக்கு வரப்போகிற ஆளுக்கு அந்த அவசரம் கிடையாது.

அவசரம் கெடுதல் என்றால் தாமதமும் கெடுதல்தான். கொட்டிய காங்கிரீட் இறுகத் தொடங்கிய பிறகு அதன் ஓரத்தில் புதிதாகக் கொட்டினால் இரண்டும் ஒட்டாது. இந்தக் கண்ணுக்குத் தெரியாத கோட்டைக் குளிர்மூட்டு என்பார்கள். அடுத்த ஐப்பசி மழையில் நீர் கசிவது பெரும்பாலும் அந்தக் கோட்டின் வழியாகத்தான். சித்திரை வெயிலில் எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தால் அந்த இடைவேளையே ஒரு குளிர்மூட்டை உண்டாக்கிவிடும். தேர்ந்த மேஸ்திரி, கலவையை மேலே ஏற்றும் லிஃப்டுக்குத் தொலைவான மூலையில் தொடங்கி, குறுகிய பட்டைகளாகப் போட்டுக்கொண்டே பின்வாங்குவார். ஆட்களையும் பாதிப் பாதியாகத்தான் சாப்பிட அனுப்புவார். தன் ஆட்களிடம் மட்டுமே இப்படி முறைபோட முடியும்.

சாயங்காலம் காங்கிரீட் செட் கிளம்பிவிடும். நீரேற்றமோ அப்போதுதான் சூடு பிடிக்கிறது. வெப்பமும் வறட்சியுமான ஊர்களில் குறைந்தது 10 நாள் ஈரம் காக்க வேண்டும் என்கிறது இந்தியத் தரநிலை 456. அதனால்தான் தளத்தின் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துகிறார்கள். அறவே ஈரம் காட்டாமல் விட்ட காங்கிரீட்டின் வலிமை, வரவேண்டியதில் பாதியளவோடு நின்றுவிடக்கூடும். இவ்வளவு முக்கியமான வேலைக்கு, தனித்தனி ஒப்பந்தத்தில் யாருக்கும் கூலி எழுதப்பட்டிருப்பதில்லை! வீட்டுக்காரர் வீட்டு அம்மா தலையில்தான் பெரும்பாலும் விழும்.

ஒரே ஆட்கள் சேர்ந்தே இருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. அமெரிக்க விமானப் பொறியாளர் டி. பி. ரைட் 1936-இல் ஒரு கணக்கை வெளியிட்டார்: உற்பத்தி எண்ணிக்கை இரட்டிக்கும்போதெல்லாம், ஒரு விமானத்துக்கு ஆகும் உழைப்பு நேரம் 20 சதவீதம் குறைகிறது. முதலாவதுக்கு 100 மணி நேரம் என்றால் இரண்டாவதுக்கு 80, நான்காவதுக்கு 64, எட்டாவதுக்கு 51. வீட்டு வேலையில் விகிதம் இவ்வளவு செங்குத்தாக இறங்காது. ஆனாலும் வீட்டுக்கு வீடு ஆளை மாற்றினால் ஒவ்வொரு முறையும் 100-லிருந்தே தொடங்க வேண்டியிருக்கும்.

சின்ன வீட்டுக்குத்தான் இது பொருந்தும் என்று நினைக்க வேண்டாம். திருவண்ணாமலை ராஜகோபுரம் 217 அடி. பக்ரா அணை 740 அடி. அந்த அணையை ஒப்பந்ததாரரிடம் விடாமல், அரசுத் துறையே தன் பொறியாளர்களையும் தொழிலாளர்களையும் வைத்துக் கட்டியது. அணை கட்டி அனுபவப்பட்ட அமெரிக்கர் ஹார்வி ஸ்லோகம் தலைமையில் நிபுணர்கள் வந்து பயிற்றுவித்தார்கள். 1955 நவம்பரில் முதல் காங்கிரீட் விழுந்தது. 1963 அக்டோபரில் நேரு அணையை நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

அப்படியானால் எல்லோரும் ஏன் சொந்த ஆட்களை வைத்துக்கொள்வதில்லை? மழை நாளிலும் அவர்கள் வீட்டில் உலை வைக்க வேண்டுமே. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கூலி மேஸ்திரி தலையில். இதற்கு ஊர் மேஸ்திரிகள் வைத்திருக்கும் தீர்வு, எந்த நிர்வாகப் பள்ளியும் பாராட்டக்கூடியது: ஒரே சமயத்தில் இரண்டு மூன்று வீடுகள், ஒவ்வொன்றும் வெவ்வேறு கட்டத்தில். ஒன்றில் தளம் பாத்தித் தண்ணீரில் ஊறும் 10 நாளும் இன்னொன்றில் செங்கல் வேலை. அங்கே லிண்டல் இறுகும்போது மூன்றாவதில் பூச்சு. காங்கிரீட் ஓய்வெடுக்கும் நேரத்தை ஆட்களின் வேலை நேரமாக மாற்றும் கணக்கு, பெரும்பாலும் மனக்கணக்கு.

இதில் ஓட்டையும் உண்டு. ஒரே கூட்டம் தன் தப்பையும் சேர்த்தே பழகிவிடும்; எல்லோரும் ஒரே மாதிரி தண்ணீர் கூட்டினால் கேட்க ஆளில்லை. ஆகவே சோதனை மட்டும் வெளியாளிடம்தான் போக வேண்டும். தளம் போடும்போதே அதே கலவையில் 15 சென்டிமீட்டர் கனசதுரக் கட்டிகள் மூன்றை வார்த்து, 28 நாள் தண்ணீரில் போட்டுவைத்துப் பிறகு ஆய்வகத்தில் நசுக்கிப் பார்க்கிறார்கள். எம்20 என்ற சாதாரண வீட்டுக் காங்கிரீட் என்றால், உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய அந்தக் கட்டி குறைந்தது 45 டன் பாரத்தைத் தாங்க வேண்டும். மூன்றில் ஒன்று சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகினாலும் அந்தச் சோதனையே செல்லாது.