வளனார் யாரு? தாவீதின் குலமும் ஒரு தச்சரும்

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். வாசிப்புக்காகச் சில இடங்களில் சுருக்கப்பட்டுள்ளது.)

திருச்சி மெயின்கார்டு கேட் பக்கம் போறவங்க எல்லாரும் 'தூய வளனார் கல்லூரி' என்ற பெயரைப் பார்த்திருப்பீங்க. ஊர்ல யாரும் அப்படிச் சொல்றதில்ல. 'ஜோசப்ஸ்'னு சொன்னாத்தான் ஆட்டோக்காரருக்கே புரியும். 1844ல நாகப்பட்டினத்துல தொடங்கி 1883ல திருச்சிக்கு வந்த கல்லூரி. ஆங்கிலத்துல ஜோசப், பைபிள்ல யோசேப்பு. அப்போ இந்த 'வளன்' எங்கேருந்து வந்தார்?

இந்தப் பேரை நமக்குப் பழக்கினவர் வீரமாமுனிவர். 1680ல இத்தாலியில பிறந்த பெஸ்கி, முப்பது வயசுக்கு அப்புறம்தான் தமிழ்நாட்டுக்கு வந்தார். 1726ல தேம்பாவணியை முடிச்சார். மூணு காண்டம், 36 படலம், 3615 பாட்டு. பத்தாம் வகுப்புல கருணையன் தன் தாயை அடக்கம் பண்ணிட்டு அழற பகுதியைப் படிச்சிருப்பீங்களே, அந்த நூல்தான். எபிரேயத்துல 'யோசேப்பு'ன்னா 'இன்னும் கூட்டித் தரட்டும், பெருகட்டும்'னு அர்த்தம். அந்த அர்த்தத்துக்குப் பொருந்தற மாதிரி 'வளன்'னு வச்சார். யோவானுக்குக் 'கருணையன்' என்ற பேரும் இதே முறைதான்.

காவியத்தோட நாயகன் யாருன்னு கவனிங்க. இயேசு இல்ல, மரியாளும் இல்ல. நற்செய்தி நூல்கள்ல ஒரு வார்த்தைகூடப் பேசாத யோசேப்பு! போன மாசம் ஒரு நேயர் அனுப்பின கேள்வியும் நேரா இவர்கிட்டதான் போய் நிக்குது. கேள்வி இதுதான்: "மெசியா தாவீது ராஜாவோட வம்சத்துல வரணும்னு தீர்க்கதரிசனம். இயேசு தாவீதின் வம்சம்னு பைபிள் காட்டுறது யோசேப்பு வழியா. ஆனா யோசேப்பு இயேசுவுக்குப் பெத்த அப்பா இல்லைன்னும் அதே பைபிள் சொல்லுது. ரெண்டும் எப்படி ஒண்ணா நிக்கும்?"

ரொம்ப நியாயமான கேள்வி. குலம், கோத்திரம், "நீங்க எந்த ஊரு, யாரு மகன்?" இதெல்லாம் கேட்டு வளர்ந்த நமக்கு உடனே உறைக்கற கேள்வியும்கூட.

முதல்ல வாக்குறுதிக்குப் போவோம். சாமுவேலின் இரண்டாம் புத்தகம், ஏழாம் அதிகாரம். தாவீது அரண்மனையில வசதியா உட்கார்ந்துக்கிட்டு, கடவுளுக்கு ஒரு வீடு கட்டணும்னு நினைக்கிறார். நாத்தான் என்ற தீர்க்கதரிசி வந்து, நீ கடவுளுக்கு வீடு கட்ட வேணாம், கடவுள்தான் உனக்கு வீடு கட்டுவார், உன் சிம்மாசனம் என்னைக்கும் நிலைக்கும்னு சொல்றார். 'வீடு'ங்கற எபிரேயச் சொல்லுக்குக் கட்டடம்னும் அர்த்தம், வம்சம்னும் அர்த்தம். அதை வச்சுத்தான் இந்தப் பேச்சே ஓடுது.

அப்புறம் நடந்தது என்ன? கி.மு. 587 வாக்குல பாபிலோன்காரங்க எருசலேமை இடிச்சாங்க. ராஜாவோட கண்ணைக் குருடாக்கிச் சங்கிலி போட்டு இழுத்துட்டுப் போனாங்க. என்னைக்கும் நிலைக்கும்னு சொன்ன சிம்மாசனமே இல்லாமப் போச்சு. மெசியா எதிர்பார்ப்பு வலுத்ததே இந்த உடைசல்லதான். வாக்கு பொய்யா, இல்ல இன்னும் வர வேண்டியிருக்கா? வர வேண்டியிருக்குன்னு நம்பினவங்கதான் பழைய ஏடுகளை எடுத்து ஒவ்வொரு வரியா மறுபடி வாசிச்சாங்க.

அப்படி வாசிக்கப்பட்ட ஒண்ணு ஏசாயா 11. வெட்டுப்பட்ட மரத்தோட அடியிலிருந்து ஒரு துளிர் வரும்னு சொல்ற இடம். கொள்ளிடக்கரை வாழைத்தோட்டத்தைப் பார்த்தவங்களுக்கு இதை விளக்கவே வேணாம். தார் வெட்டின தாய்மரத்தைச் சாய்ச்சிடுவாங்க, பக்கக்கன்னு ஏற்கெனவே நின்னுட்டிருக்கும். ஆனா அந்த மரத்தைத் தாவீதின் மரம்னு சொல்லல, ஈசாயின் மரம்னு சொல்லுது. ஈசாய் தாவீதோட அப்பா, பெத்லகேம்ல ஆடு வச்சிருந்த ஒரு சாதாரண ஆள். அரண்மனைக்கு முந்தின இடத்துக்கே போய், அங்கேருந்து மறுபடி தொடங்கணும்னுதான் நான் இதைப் புரிஞ்சுக்கறேன். மீகா ஐந்தாம் அதிகாரம் தலைநகரத்தை விட்டுட்டுச் சின்னஞ்சிறு பெத்லகேமைச் சொல்றதும் இதே திசைதான்.

இப்போ மத்தேயு. புதிய ஏற்பாட்டைத் திறந்ததுமே பேர்ப் பட்டியல். பலபேர் விரலை வச்சுத் தள்ளிட்டுப் போற பக்கம். ஆனா திருச்சி ஆளுக்கு இது அந்நியமா இருக்கக் கூடாது. ஸ்ரீரங்கத்துல தாயார் சந்நிதிக்கு எதிர்ல ஒரு மண்டபம் இருக்கு, கம்பர் ராமாயணத்தை அரங்கேத்தினது அங்கேதான்னு பரம்பரையா சொல்றாங்க. கம்பர் பாலகாண்டத்துல 'குலமுறை கிளத்து படலம்'னு ஒண்ணு வச்சிருக்கார். கல்யாணத்துக்கு முன்னாடி விசுவாமித்திரர் ஜனகர்கிட்ட ராமனோட வம்சத்தை வரிசையா சொல்ற இடம். 'இவன் யார்'னு நிறுவாம கதை நகராது. மத்தேயு செய்றதும் அதுதான்.

ஆபிரகாம் தொடங்கி மூணு அடுக்கு, அடுக்குக்கு 14 தலைமுறைன்னு அவரே கணக்குச் சொல்றார். கணக்கு சரியா வர்றதுக்காக அகசியா, யோவாஸ், அமத்சியான்னு மூணு ராஜாக்களைத் தாண்டிடறார். எபிரேய எழுத்துக்களுக்கு எண் மதிப்பு உண்டு. தாவீது பேரைக் கூட்டினா 4, 6, 4, மொத்தம் 14. அதனாலதான் 14னு பல ஆய்வாளர்கள் கருதுறாங்க. அதாவது இது முனிசிபாலிட்டி பிறப்புப் பதிவேடு இல்ல, ஒரு வாதம்.

அந்த வாதத்துல என்னை நிறுத்தினது நாலு பெண்கள். தாமார், ராகாப், ரூத், உரியாவின் மனைவியா இருந்தவர். சாராளும் ரெபேக்காளும் பட்டியல்ல இல்ல. தாமார் மாமனார் மூலமாப் பிள்ளை பெத்தவர். ராகாப் எரிகோவுல இருந்த ஒரு விலைமாது. ரூத் மோவாபியப் பெண், மோவாபியரைச் சபையில சேர்க்கக் கூடாதுன்னு சட்டமே இருந்த காலம். நாலாவது பெண்ணின் பேரைச் சொல்லாமலே தாவீதோட குற்றத்தை ஞாபகப்படுத்திடறார் மத்தேயு. குலப்பெருமை பேசற பட்டியல்ல இவங்க எல்லாம் எதுக்கு? தூய ரத்தம்னு பேசற எந்த வாயையும் இந்தப் பட்டியல் அடைச்சிடும். இதே திருச்சியில, மேலப்புதூர் கல்லறையில செத்தவங்களையும் சாதி பார்த்துப் பிரிச்ச சுவரைப் பத்திச் செய்தியும் போராட்டமும் வந்தது. அந்தச் சுவரைக் கட்டினவங்களும் ஒவ்வொரு டிசம்பரும் இந்தப் பட்டியலைக் கேட்டவங்கதானே?

சரி, நேயர் கேள்விக்கு வருவோம். பட்டியல் முழுக்க இவர் அவரைப் பெற்றார், அவர் இவரைப் பெற்றார்னு ஒரே தாளமா வருது. யோசேப்புகிட்ட வந்ததும் தாளம் மாறுது. யோசேப்பு இயேசுவைப் பெற்றார்னு மத்தேயு எழுதல. யோசேப்பு மரியாளின் கணவர், 'அவளிடம்' இயேசு பிறந்தார் என்கிற மாதிரி திருப்பிடறார். கிரேக்க மூலத்துல அந்த 'அவள்' பெண்பால்னு தெளிவா இருக்கு. அதனால நேயர் பிடிச்ச முடிச்சு மத்தேயுவுக்குத் தெரியாததில்ல. தெரிஞ்சேதான் எழுதியிருக்கார்.

அவர் தர்ற தீர்வு அடுத்த வரிகள்லயே இருக்கு. தூதர் கனவுல வந்து யோசேப்பைத் தாவீதின் மகன்னு கூப்பிட்டு, குழந்தைக்கு நீ பேர் வைன்னு சொல்றார். யோசேப்பு வைக்கிறார். அந்தக் காலத்துல ஒரு ஆண், குழந்தைக்குப் பேர் வச்சு ஏத்துக்கிட்டா அது அவர் பிள்ளை. வம்சம் ரத்தத்துல வரல, ஏற்பில வருது. யூத தரப்பு இதை ஒத்துக்கறதில்ல. கோத்திரம் பெத்த தகப்பன் வழியாத்தான் வரும், வளர்த்தவர் வழியா வராதுன்னு சொல்றாங்க. அதுவும் வலுவான வாதம்தான்.

லூக்கா இன்னொரு பட்டியல் தர்றார், சிக்கல் கூடுது. மத்தேயுவுல யோசேப்போட அப்பா யாக்கோபு, லூக்காவுல ஏலி. மத்தேயு தாவீதின் மகன் சாலமோன் வழியா வர்றார், லூக்கா இன்னொரு மகன் நாத்தான் வழியா. மூணாம் நூற்றாண்டுல யூலியஸ் ஆப்பிரிக்கானுஸ் ஒரு விளக்கம் கொடுத்தார்: யாக்கோபும் ஏலியும் ஒரு தாய் பிள்ளைகள், ஏலி பிள்ளையில்லாம இறந்ததால யாக்கோபு அவர் மனைவியைக் கட்டி யோசேப்பைப் பெத்தார், சட்டப்படி பிள்ளை ஏலிக்கு. இன்னும் சிலர் லூக்கா தர்றது மரியாளோட வம்சம்கறாங்க, ஆனா லூக்காவோட வரியில மரியாள் பேர் இல்ல. எனக்கு ரெண்டுமே கொஞ்சம் இழுத்துக் கட்டின மாதிரிதான் தெரியுது. ரெண்டு பேர் ரெண்டு நோக்கத்தோட எழுதினாங்க, ஒருத்தர் ஆபிரகாம்ல தொடங்கறார், இன்னொருத்தர் ஆதாம் வரைக்கும் போறார். அதுதான் எளிமையான பதில்னு நினைக்கறேன்.

ஏற்பில வர்ற உறவு நம்ம ஊருக்குப் புதுசில்ல. ஆண்டாள் துளசிச் செடிக்கடியில கிடைச்ச குழந்தை. பெத்தவங்க யாருன்னு யாரும் கேக்கல. திருப்பாவையோட முடிவுல அவங்க தன்னைப் பெரியாழ்வார் மகளாத்தான் சொல்லிக்கறாங்க. ரங்கநாதரை அவங்க மணந்ததால, பெரியாழ்வாரைப் பெருமாளுக்கே மாமனார்னு வைணவங்க கொண்டாடுவாங்க. ரெண்டு கதையும் ஒண்ணுன்னு நான் சொல்ல வரல, சமயக் கருத்துல ரெண்டும் வேற வேற. ஆனா 'வளர்த்த அப்பா உண்மையான அப்பா ஆவாரா'ங்கற கேள்விக்கு ஸ்ரீரங்கத்துல தயக்கமே இல்லாம ஒரு பதில் இருக்கு.

அடுத்தது பிறப்பைப் பத்தின தீர்க்கதரிசனம், ஏசாயா 7:14. உங்க வீட்டுலயோ நண்பர் வீட்டுலயோ கத்தோலிக்கரோட திருவிவிலியம் இருந்தா எடுத்துப் பாருங்க. எசாயாவுல 'இளம்பெண்'னு இருக்கும். அதே வசனத்தை மத்தேயு எடுத்துச் சொல்ற இடத்துல 'கன்னி'ன்னு இருக்கும். அச்சுப் பிழை இல்ல. எபிரேய மூலத்துல இருக்கிற சொல் 'அல்மா', இளம்பெண். கி.மு. காலத்துலயே யூதர்கள் கிரேக்கத்துல மொழிபெயர்த்தப்போ 'பார்த்தெனோஸ்'னு போட்டாங்க. அது பெரும்பாலும் கன்னியைக் குறிக்கிற சொல். மத்தேயு கிரேக்கத்துலதான் எழுதினார். புராட்டஸ்டன்ட் பைபிள்ல ரெண்டு இடத்துலயும் கன்னிகைதான்.

இந்தச் சண்டை பழசு. இரண்டாம் நூற்றாண்டுலயே யுஸ்தீன் என்ற கிறிஸ்தவர் எழுதின உரையாடல்ல, திரிபோ என்ற யூதர் இதே சொல்லைப் பிடிச்சுத்தான் மறுக்கறார். சூழலும் முக்கியம். ஏசாயா பேசறது ஆகாஸ் ராஜாகிட்ட, கி.மு. 734 வாக்குல, ரெண்டு எதிரி நாட்டு ராஜாக்கள் எருசலேமைச் சூழ்ந்த நேரத்துல. குழந்தை விவரம் தெரிஞ்சு வளர்றதுக்குள்ள அந்த எதிரிங்க இருக்க மாட்டாங்கங்கறதுதான் அவருக்குச் சொன்ன அடையாளம். எழுநூறு வருஷம் கழிச்சுப் பிறக்கற குழந்தை ஆகாஸுக்கு எப்படி உதவும்? அதனால முதல் அர்த்தம் அந்தக் காலத்துக்கானதுதான்னு எனக்குப் படுது. மத்தேயு அதை ஒரு தடவை நடந்து முடிஞ்ச விஷயமா பார்க்கல, இன்னும் நிரம்ப இடமிருக்கிற பாத்திரமா பார்த்தார். நம்பறவங்களுக்கு அது கடவுள் வச்ச இடம். நம்பாதவங்களுக்கு மத்தேயு வச்ச இடம். இதை வரலாறு தீர்த்து வைக்காது. ஆனா 'யூதர்கள் தங்க வேதத்தையே புரிஞ்சுக்கல'ன்னு மேடையில கத்தறவங்களை நம்பாதீங்க. அந்தப் பேச்சு ஐரோப்பாவுல எத்தனை உயிரைக் குடிச்சதுன்னு தெரியும்தானே.

கடைசியா மறுபடி பெஸ்கி. மூணாவது படலத்துக்கு 'வளன் சனித்த படலம்'னு பேர். தாவீதின் மரபுல வளன் பிறக்கறதைச் சொல்லுது. ஆனா எனக்குப் பிடிச்சது அதுக்குப் பின்னாடி வர்ற ரெண்டு படலம், 'ஐயம் தோற்று படலம்', 'ஐயம் நீங்கு படலம்'. மனைவி கருவுற்றிருக்கா, தான் காரணமில்ல. அவளை அவமானப்படுத்தாம ரகசியமா விலகிடலாம்னு யோசிக்கற மனுஷனை மத்தேயு சில வரிகள்ல முடிச்சிடறார். பெஸ்கி அந்தச் சந்தேகத்துக்கு ஒரு படலமே ஒதுக்கறார். அந்த ராத்திரி யோசேப்பு விலகிப் போயிருந்தா, மத்தேயு கணக்குப்படி தாவீதின் வம்சம் அங்கேயே அறுந்திருக்கும். நாத்தான் சொன்னது, ஏசாயா சொன்னது, மீகா சொன்னது எல்லாம் ஒரு தச்சர் காலையில எழுந்து என்ன முடிவு எடுக்கறார்ங்கறதுல போய் நின்னுச்சு.

மத்தேயுவோட பட்டியலைச் சத்தமா வாசிச்சுக் கேக்கணும்னா டிசம்பர் 17ஆம் தேதி காலைப் பூசைக்குப் போங்க, கத்தோலிக்க ஆலயங்கள்ல அன்னைக்கு அதுதான் வாசகம். மார்கழி பிறந்து ஓரிரு நாள்தான் ஆகியிருக்கும், ஸ்ரீரங்கத்துல அதுக்கு முன்னாடியே திருப்பாவை தொடங்கியிருக்கும். சீக்கிரம் எழுந்தா ஒரே காலையில ரெண்டையும் கேக்கலாம், நடுவுல காவிரிப் பாலம் ஒண்ணுதான். கேள்விகள் இருந்தா வழக்கம்போல அனுப்புங்க, அடுத்த வாரம் பார்ப்போம்.