கேட்ட விலையைத் திரும்பப் பெறலாமா? இணைய ஏலத்தின் உரிமைகளும் சூழ்ச்சிகளும்

இணைய ஏலத்தில் திரையில் தெரியும் விலை ஒன்று, ஏலம் கேட்பவர் பதிந்துவைத்த விலை வேறொன்று. ஈபே தளத்தில் ஒருவர் தம்மால் அதிகபட்சம் எவ்வளவு தர முடியும் என்பதைப் பதிந்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம். அந்த உச்சத்தொகை வேறு யாருக்கும் தெரியாது. போட்டிக்கு யாராவது கேட்டால் தளமே அவர் சார்பில் ஒரு படி மட்டும் ஏற்றிக் கேட்கும். 120 டாலர் வரை தரத் தயாராக இருப்பவருக்கு, அடுத்தவர் 40 டாலரோடு நின்றுவிட்டால், பொருள் 41 டாலருக்கே கிடைத்துவிடும். இரண்டாவதாக வந்தவரின் தொகைதான் விலையைத் தீர்மானிக்கிறது. இதற்கான கோட்பாட்டைப் பொருளியலாளர் வில்லியம் விக்ரி 1961-இல் எழுதினார். 1996-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்த முறையில் மனதில் உள்ள மதிப்பை அப்படியே சொல்வதுதான் லாபம். ஆனால் அதற்கு உச்சத்தொகை ரகசியமாக இருக்க வேண்டும். எதிரே கேட்பவர்களும் வாங்குவதற்காகவே கேட்க வேண்டும். இணைய ஏலத்தில் நடக்கும் முறைகேடுகள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் உடைக்கின்றன.

கேட்ட விலையைத் திரும்பப் பெறும் வசதி நல்ல நோக்கத்தோடு வந்ததுதான். 12.50 என்று தட்ட நினைத்தவர் புள்ளியை விட்டு 1250 என்று தட்டிவிடலாம். பாதி ஏலத்தில் விற்பவர் பொருளின் விவரத்தையே மாற்றிவிடலாம். சந்தேகம் கேட்க முயன்றால் விற்பவரை எட்டவே முடியாமல் போகலாம். ஈபே ஏற்றுக்கொள்ளும் காரணங்கள் இவ்வளவே. மனம் மாறிவிட்டது என்பது அதில் சேராது. தவறான தொகையைத் திரும்பப் பெற்றவர் உடனே சரியான தொகையைப் பதிய வேண்டும். நேரக் கட்டுப்பாடும் உண்டு. ஏலம் முடிய 12 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் விலகலாம். அப்போது அந்தப் பொருளுக்கு அவர் கேட்ட எல்லாத் தொகைகளும் நீங்கிவிடும். கடைசி 12 மணி நேரத்துக்குள் வந்துவிட்டால், கடைசியாகக் கேட்டதை மட்டும், அதுவும் கேட்ட ஒரு மணி நேரத்துக்குள் மட்டுமே எடுக்க முடியும். இந்தப் பன்னிரண்டு மணிக் கணக்கு எதற்கு என்பது சூழ்ச்சிகளைப் பார்த்தால் விளங்கும்.

முதலாவது, ஆழம் பார்ப்பது. 120 டாலரை உச்சமாக வைத்த அதே ஆளுக்கு எதிராக, திரையில் 41 டாலர் தெரியும்போது, ஒருவர் திடீரென்று 500 டாலர் பதிகிறார். திரையில் விலை 122.50 என்று ஏறுகிறது. அந்த விலைமட்டத்தில் ஒரு படி 2.50 டாலர் என்பது எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. ஆகவே முந்தையவரின் உச்சம் 120 என்று அம்பலமாகிவிடுகிறது. உடனே 500 டாலர் தவறாகத் தட்டிவிட்டேன் என்று சொல்லித் திரும்பப் பெறுகிறார். விலை மறுபடி 41-க்கு இறங்குகிறது. பிறகு விற்பவருக்கு வேண்டிய இன்னொரு கணக்கிலிருந்து 118 டாலருக்குக் கேட்கப்படுகிறது. பழைய ஆள்தான் இன்னமும் முன்னிலையில் இருக்கிறார். ஆனால் 120 டாலரில். 41 டாலருக்கு முடிந்திருக்க வேண்டிய பொருளுக்கு 79 டாலர் கூடுதல். அவர் தாம் சொன்ன வரம்புக்குள்தானே வாங்கினார் என்று வாதிடுவோர் உண்டு. சீட்டாட்டத்தில் எதிராளியின் கையை எட்டிப் பார்த்துவிட்டு, ஆடியது அவர்தானே என்று சொல்வதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை.

இரண்டாவதில் ஏமாறுபவர் விற்பவர். கூட்டாளிகளில் ஒருவர் 20 டாலருக்குக் கேட்டு வைக்கிறார். மற்ற இருவர் 400, 500 என்று ஏற்றிவிடுகிறார்கள். விலையைப் பார்த்ததும் நிஜமாகவே வாங்க வந்தவர்கள் நகர்ந்துவிடுவார்கள். முடியும் நேரத்தில் பெரிய தொகைகள் இரண்டும் விலக்கப்பட, 20 டாலர்காரருக்குப் பொருள் போய்விடும். கடைசி 12 மணி நேரத்துக்கான கட்டுப்பாடு தடுப்பது இதைத்தான்: அதற்கு முன்பே விலகினால், விலை இறங்கியதைப் பார்த்து மற்றவர்கள் திரும்பி வர நேரம் இருக்கும். விற்பவருக்கு வேறு பாதுகாப்பும் உண்டு. சந்தேகத்துக்குரியவரின் கேட்பை அவரே ரத்து செய்யலாம். அந்தக் கணக்கு மறுபடி கேட்க முடியாதபடி தடுத்தும் வைக்கலாம்.

மூன்றாவது மிகப் பழையது: விற்பவரே ஆள் வைத்துக் கேட்க வைப்பது. சந்தை ஏலங்களிலும் விலையை ஏற்றிவிட ஆள் நிற்பது உண்டு. இணையத்தில் ஒரே ஆள் பத்துப் பெயரில் நிற்கலாம், அவ்வளவுதான் வேறுபாடு. 2000 மே மாதம் கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோ வழக்கறிஞர் ஒருவர் 25 சென்ட் தொடக்க விலையில் ஓர் ஓவியத்தை ஈபேயில் போட்டார். ஓவியத்தின் மூலையில் ஆர்டி52 என்ற எழுத்துகள் இருந்தன. புகழ்பெற்ற ஓவியர் ரிச்சர்ட் டீபன்கார்ன் கைப்பட வரைந்ததாக இருக்கலாம் என்று பார்த்தவர்கள் தாமாகவே முடிவு கட்டும்படி விவரம் எழுதப்பட்டிருந்தது. கேட்பு 1,35,805 டாலர் வரை போனது. விற்றவரே தம் பொருளுக்குக் கேட்டிருந்தது தெரிந்ததும் ஈபே விற்பனையை ரத்து செய்தது. விசாரணையில் அவரும் கூட்டாளிகளும் நாற்பதுக்கும் மேற்பட்ட பயனர் பெயர்களைப் பயன்படுத்தியது வெளிவந்தது. 2001-இல் அமெரிக்கக் கூட்டரசு குற்ற வழக்கு தொடர்ந்தது. அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

கடைசி விநாடியில் வந்து கேட்டுப் பொருளைத் தட்டிச் செல்வதையும் பலர் இந்தப் பட்டியலில் சேர்க்கிறார்கள். அது முறைகேடு அல்ல. ஈபே அதை அனுமதிக்கிறது. பொருளியலாளர்கள் அல்வின் ராத், ஆக்செல் ஆக்கன்ஃபெல்ஸ் இருவரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வு இதை விளக்கியது. ஈபே ஏலம் குறித்த விநாடியில் முடிந்துவிடும். அமேசான் அப்போது நடத்திய ஏலங்களில் கடைசி நேரக் கேட்பு வந்தால் ஏலம் பத்து நிமிடம் நீளும். எனவே கடைசி நேரக் கேட்பு ஈபேயில்தான் அதிகம். ஆழம் பார்ப்பவருக்கும் ஏற்றிவிடுபவருக்கும் அவகாசம் தராமல் இருக்க, நேர்மையாக வாங்க வருபவருக்கு இருக்கும் எளிய கவசமும் இதுவே.

சட்டம் இவற்றை எப்படிப் பார்க்கிறது? இந்தியாவின் 1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 64, சுத்தியல் விழும் வரையோ வழக்கமான வேறு முறையில் ஏலம் முடிந்ததாக அறிவிக்கும் வரையோ கேட்டவர் விலகலாம் என்கிறது. ஆனால் தளத்தில் கணக்கு தொடங்கும்போது ஏற்றுக்கொண்ட விதிகளும் ஓர் ஒப்பந்தமே. அவற்றை மீறி விலகுபவரின் கணக்கைத் தளம் முடக்கலாம். விற்பவர் தாமும் கேட்கப் போவதாக முன்கூட்டி அறிவிக்காமல், தாமோ ஆள் வைத்தோ கேட்டால், வாங்கியவர் அந்த விற்பனையை மோசடியாகக் கருதலாம் என்பதும் அதே பிரிவில் உண்டு. விலையை ஏற்றப் பொய்க் கேட்பு நடந்திருந்தால் விற்பனையை ரத்து செய்யும் விருப்பம் வாங்கியவருக்கே. அமெரிக்கச் சீர்மை வணிகச் சட்டத் தொகுப்பின் 2-328 பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது: விற்பவர் முன்கூட்டி அறிவிக்காமல் தாமோ ஆள் வைத்தோ கேட்டிருந்தாலும், ஏலம் நடத்துபவர் தெரிந்தே அத்தகைய கேட்பை ஏற்றிருந்தாலும், வாங்கியவர் பொருளை விட்டுவிடலாம், அல்லது கடைசியாக நல்லெண்ணத்தோடு கேட்கப்பட்ட விலைக்கே எடுத்துக்கொள்ளலாம். பொருளை உண்மையிலேயே விரும்பியவருக்கு இந்த இரண்டாவது வழிதான் நியாயம்; இந்தியச் சட்டத்தில் அது இல்லை.

கேட்பவர்களின் பெயர்கள் மறைக்கப்பட்டிருந்தாலும் ஏலப் பதிவேடு சிலவற்றைக் காட்டிக்கொடுக்கும். ஈபேயில் ஒருவர் எத்தனை முறை விலகினார், அவருடைய கேட்புகளில் எத்தனை விழுக்காடு இதே விற்பவரிடம் என்பவை தெரியும். மதிப்பீடே இல்லாத புதுக் கணக்கு, ஒரே விற்பவரிடம் மட்டும் கேட்டு, எதையும் வெல்லாமல் சுற்றினால் சந்தேகப்படலாம். வென்றவர் விலகிவிட்டார், உங்கள் உச்சத்தொகைக்கே தருகிறேன் என்று வரும் இரண்டாம் வாய்ப்பு தளத்தில் முறையான ஒன்றே. ஆனால் வென்றவர் விற்பவரின் ஆளாகவும் இருந்திருக்கலாம். அந்தச் செய்தி தளத்தின் உள்பெட்டிக்கு வராமல் மின்னஞ்சலில் மட்டும் வந்து, வெளியே பணம் அனுப்பச் சொன்னால் அது வேறு வகை மோசடி.

இந்தியாவில் பலர் இன்று சந்திக்கும் இணைய ஏலம் வங்கிகள் நடத்தும் சொத்து ஏலம். அங்கே வென்ற பிறகு பின்வாங்குவது மிகவும் விலை உயர்ந்த தவறு. 2002-ஆம் ஆண்டுப் பிணைய உரிமை அமலாக்க விதிகளின்படி வென்றவர் அன்றே, அல்லது அடுத்த வேலை நாளுக்குள், விலையில் 25 விழுக்காட்டைக் கட்ட வேண்டும். மீதியை 15 நாளில், எழுத்துமூல ஒப்புதல் இருந்தால் மூன்று மாதத்துக்குள். தவறினால் கட்டியது பறிபோகும். சென்னை உயர்நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகச் சென்ற ஒரு வழக்கில், 25 விழுக்காடு முழுவதையும் வங்கி எடுத்துக்கொண்டது சரியே என்று உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 2 அன்று தீர்ப்பளித்தது. சொத்தின் வில்லங்கம், குடியிருப்போர், வங்கிக் கடன் ஏற்பாடு எல்லாவற்றையும் கேட்பதற்கு முன்பே பார்த்துவிட வேண்டியது இதனால்தான்.

ஏமாந்தவர் முதலில் ஏலப் பக்கத்தையும் கேட்புப் பதிவேட்டையும் தேதியோடு படம் எடுத்து வைக்க வேண்டும். அதன் பிறகே தளத்தில் புகார். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததை உறுதிப்படுத்தி, ஒரு மாதத்தில் தீர்வு தர வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. விற்றவர் வியாபாரியாக இருந்தால், சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்கியவர் இரண்டு ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். வீட்டுப் பழைய பொருளை விற்ற தனிநபர் என்றால் அந்த வழி அடைபடும். பிரிவு 64-ஐ வைத்து உரிமையியல் நீதிமன்றத்தில்தான் கேட்க வேண்டும். பணம் கட்டியும் பொருளே வரவில்லை என்றால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற எண்ணை அழைக்க வேண்டும். பணம் கைமாறி வெளியேறுவதற்கு முன் கணக்கை முடக்க முடிவது அந்த முதல் சில மணி நேரத்தில்தான்.