வெல்டன் முடிகிற இடத்தில்தான் திருவனந்தபுரம் ஆரம்பிக்கிறது! தெரியுமா?

மேல்நாட்டு ஓட்டலில் ஸ்டேக் கேட்டால் உடனே ஒரு கேள்வி வந்து விழும், தெரியுமா? “எந்தப் பதத்தில் வேண்டும்?” ரேர், மீடியம் ரேர், மீடியம், மீடியம் வெல், வெல்டன்! ஒரே மாட்டிறைச்சித் துண்டுக்கு ஐந்து வேக்காடு!

ரேர் என்றால் துண்டின் நடுப்பகுதி சுமார் 50 டிகிரி செல்சியஸ். வெல்டன் என்றால் 70 டிகிரியைத் தாண்டியிருக்க வேண்டும். இடையில் இருப்பது எவ்வளவு? வெறும் 20 டிகிரி! உலகம் பூராவும் நடக்கிற ஸ்டேக் சண்டை மொத்தமும் இந்த 20 டிகிரிக்குள்தான்! ரேருக்குக் கீழேயும் ஒரு படி உண்டு. அதன் பெயர் ‘ப்ளூ’. மேலே மட்டும் சூடு காட்டி எடுத்தது, உள்ளே ஏறக்குறைய பச்சை!

சரி, வெட்டினால் தட்டில் சிவப்பாக ஓடுகிறதே, அது ரத்தம் என்றுதானே நினைத்தீர்கள்? இல்லவே இல்லை! அது மயோகுளோபின் என்ற புரதம் கலந்த தண்ணீர்! தசைக்குள் ஆக்சிஜனைப் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. 60 டிகிரியைத் தாண்டத் தாண்ட அது பழுப்பாகிவிடும். இத்தனை கௌரவப் பிரச்சினையும் ஒரு புரதத்தின் நிறத்துக்காக!

இன்னொரு அதிர்ச்சி! அமெரிக்க வேளாண் துறையின் அறிவுரைப்படி ஸ்டேக் 63 டிகிரிக்கு வெந்து, 3 நிமிடம் ஆற வேண்டும். கொத்துக்கறி என்றால் 71 டிகிரி! அப்படியானால் ரசிகர்கள் உருகி உருகிச் சாப்பிடும் மீடியம் ரேர்? 55 டிகிரி சொச்சம்தான்! அரசாங்கம் சொல்லும் அளவுக்குக் கீழே!

இப்போது திருவனந்தபுரத்துக்கு வாருங்கள். கோவளத்து நட்சத்திர ஓட்டல்களை விடுங்கள், அங்கே வெள்ளைக்காரர்களுக்காக ஸ்டேக் உண்டு. தம்பானூரில் ரயிலை விட்டு இறங்கி, பாளையம் பக்கமோ சாலை பஜார் பக்கமோ ஒரு சாதாரண ஓட்டலில் உட்கார்ந்து “பீஃப், மீடியம் ரேர்” என்று சொல்லிப் பாருங்கள்! சர்வர் சேட்டன் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்! அவரிடம் இருக்கும் கேள்வியே வேறு. “கறியா, ரோஸ்ட்டா, ஃப்ரையா?”

கவனித்தீர்களா? இதுவும் ஓர் அளவுகோல்தான்! கறி என்றால் குழம்பு தளதளவென்று இருக்கும். ரோஸ்ட் என்றால் மசாலா சுருண்டு துண்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஃப்ரை என்றால் ஈரமே இருக்காது. அதற்கும் மேலே ஒன்று, பி.டி.எஃப்.! பீஃப் டிரை ஃப்ரை! ஏறக்குறைய கறுப்பு நிறம், விளிம்பில் முறுமுறுப்பு, நடுநடுவே பொன்னிறத்தில் தேங்காய்க்கொத்து! மேல்நாட்டில் உள்ளே எவ்வளவு சிவப்பு என்று அளக்கிறார்கள். இங்கே வெளியே எவ்வளவு கறுப்பு என்று அளக்கிறார்கள்! இந்த நான்கு படிகளுமே வெல்டனைத் தாண்டிய பிறகுதான் தொடங்குகின்றன! என் ஓட்டு பி.டி.எஃப்.புக்குத்தான். அதுவும் அடிச்சட்டியில் ஒட்டியதைச் சுரண்டிக் கொடுத்தால்!

ஏன் இப்படி? ரசனை மட்டும்தான் காரணமா? இல்லை, விஞ்ஞானமும் இருக்கிறது! கேரளத்தில் ‘பீஃப்’ என்ற பெயரில் எருமை இறைச்சியும் வரும், போத்து! வயது ஏற ஏற மாட்டின் தசைகளைக் கட்டிப்போடும் கொலாஜன் இறுகிக்கொண்டே போகும். ஸ்டேக் வேகும் சில நிமிடங்களில், 55 டிகிரியில் அதை அசைக்கவே முடியாது! 70 டிகிரிக்கு மேல், அதுவும் நெடுநேரம் வெந்தால்தான் அது நன்றாக ஜெலட்டினாக இளகும். ஸ்டேக்குக்கு ஏற்ற மென்மையான பகுதி எது தெரியுமா? கடைக்காரர்கள் ‘அண்டர்கட்’ என்பார்களே, அதுதான். முதுகெலும்புக்கு அடியில், ஒரு மாட்டில் இரண்டே இரண்டு துண்டு! மிச்சமிருக்கும் மாட்டை என்ன செய்வது? வேகவைக்க வேண்டியதுதான்! வேகவைத்து, வேகவைத்து, பிறகு வறுக்க வேண்டியதுதான்!

அந்த வறுவலுக்குள் ஒளிந்திருக்கும் கணக்கைப் பாருங்கள். 15 சென்டிமீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் அகலம், 2 சென்டிமீட்டர் கனத்தில் ஒரு ஸ்டேக். அதன் மேற்பரப்பு 400 சதுர சென்டிமீட்டர். அதே இறைச்சியை 1 சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கினால்? 300 துண்டுகள், 1,800 சதுர சென்டிமீட்டர்! நாலரை மடங்கு! சிவந்து மணக்கும் பரப்பு நாலரை மடங்கு என்றால் ருசி எங்கே போகும்?

அந்த மணத்துக்குக் காரணமான வேதிவினைக்கு ஒரு பிரெஞ்சுக்காரரின் பெயர்! லூயி கமீல் மையார் 1912-இல் அதை விவரித்தார். புரதத்தின் அமினோ அமிலமும் சர்க்கரையும் சுமார் 140 டிகிரிக்கு மேல் சேர்ந்தால் நிறம், மணம், ருசி மூன்றும் பிறக்கும். ஆனால் ஒரு நிபந்தனை! திறந்த சட்டியில் தண்ணீர் இருக்கிறவரை 100 டிகிரியைத் தாண்ட முடியாது. அதனால்தான் ‘பீஃப் உலர்த்தியது’ செய்கிறவர்கள் முதலில் தண்ணீரெல்லாம் வற்றவிட்டு, அதன்பிறகு தேங்காய் எண்ணெயில் சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, மிளகோடு பொறுமையாகப் புரட்டுகிறார்கள். மையாரைப் படிக்காமலே மையார் வினை!

வேகவைக்கும் வேலையைச் சுலபமாக்கிய குக்கர் யார் கண்டுபிடிப்பு? டெனி பாபான் என்ற பிரெஞ்சுக்காரர். ஆண்டு 1679! லண்டன் ராயல் சொசைட்டி அறிஞர்களுக்கு 1682-இல் அந்தப் பாத்திரத்தில் சமைத்த விருந்து நடந்தது. மாட்டு எலும்பே பாலாடைக்கட்டி மாதிரி மெத்தென்று ஆகிவிட்டதாக அந்த விருந்தில் சாப்பிட்ட ஜான் எவ்லின் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்! இறைச்சி இல்லை, எலும்பு! இன்றைய குக்கருக்குள் வெப்பம் ஏறக்குறைய 120 டிகிரி. மீடியம் ரேரைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்!

பீஃபுக்குக் கூட்டாளி யார்? பொரோட்டா என்பீர்கள். அதற்கு மூத்த கூட்டாளி ஒருவர் இருக்கிறார், கப்பை! நம்ம மரவள்ளிக்கிழங்கு. திருவிதாங்கூரில் அதைப் பரப்பியவர் ஒரு மகாராஜா! 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் ராமவர்மா. ராஜா பரப்பிய கிழங்கு இன்று தட்டுக்கடை மேசையில்!

சட்டசபையே காலையில் பீஃப் சாப்பிட்ட கதை தெரியுமா? இதுவும் திருவனந்தபுரத்தில்தான்! மாட்டுச் சந்தைகளில் இறைச்சிக்காக மாடு விற்பதற்கு 2017 மே மாதம் மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. அதை விவாதிக்க ஜூன் 8 அன்று கேரள சட்டசபையின் சிறப்புக் கூட்டம். கூட்டத்துக்கு முன்னால் சட்டசபை கேன்டீனில் எம்.எல்.ஏ.க்களுக்குக் காலைப் பலகாரத்தோடு பீஃப் ஃப்ரை! சாப்பிட்டுவிட்டு உள்ளே போய்த் தீர்மானம் போட்டார்கள்! சபையின் ஒரே பா.ஜ.க. உறுப்பினர் ஓ.ராஜகோபால் அதை எதிர்த்தார். 2020 ஜனவரியில், பொங்கல் நேரம் பார்த்துக் கேரள சுற்றுலாத் துறை ட்விட்டரில் பீஃப் உலர்த்தியது படத்தைப் போட, நாடு முழுக்க ரகளை! ஒரு தட்டு வறுவலுக்கு எத்தனை அரசியல்!

அரசியலை விட்டுத் தம்பானூருக்குத் திரும்புவோம். அங்கே சுருள் சுருளாகக் கோபுரம் மாதிரி நிற்கிறதே இந்தியன் காபி ஹவுஸ், உள்ளே படிக்கட்டே கிடையாது! கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் வடிவமைத்தது. சரிவான பாதையில் நடந்து ஏறிக்கொண்டே போனால் பக்கத்திலேயே மேசைகள்! அங்கே கட்லெட்டைப் பிய்த்தால் உள்ளே சிவப்பு! பயந்துவிடாதீர்கள், பீட்ரூட்! மசாலா தோசைக்குள்ளும் அதே பீட்ரூட்தான்! நகரத்தில் உள்ளே சிவந்திருக்க அனுமதி பெற்ற பண்டம் இது ஒன்றுதானோ என்னவோ!

வேகாமலே சாப்பிடுகிறவர்களும் உலகத்தில் உண்டு! எத்தியோப்பியாவில் பச்சை மாட்டிறைச்சியைக் கத்தியால் அரிந்து, காரமான மசாலாப் பொடியில் தொட்டுத் தின்பது விருந்து! ஜெர்மனியில் பச்சைப் பன்றிக் கொத்துக்கறியை முள்ளெலி உருவத்தில் பிடித்து, முள்ளுக்கு வெங்காயம் குத்தி வைப்பார்கள்! ஜப்பானின் ககோஷிமாவில் கோழியையே பச்சையாக! அதே ஜப்பான் 2012-இல் ஓட்டல்களில் பச்சை மாட்டு ஈரல் பரிமாறத் தடை போட்டது என்றால் பாருங்கள்!

வெல்டன் கேட்பவர்களை மேல்நாட்டுச் சமையல்காரர்கள் இளக்காரமாகப் பார்ப்பார்கள், தெரியுமா? இருப்பதிலேயே மட்டமான துண்டை வெல்டன் ஆர்டருக்கென்று ஒதுக்கி வைக்கும் பழக்கத்தை அமெரிக்கச் சமையல்காரர் ஆண்டனி போர்டெய்ன் 2000-இல் தன் புத்தகத்திலேயே போட்டு உடைத்தார்! டொனால்ட் டிரம்ப் அந்த இளக்காரத்துக்கெல்லாம் அசரவில்லை. நன்றாகக் கருக வெந்த ஸ்டேக், பக்கத்தில் தக்காளி கெட்சப்! அவரைக் கொண்டுவந்து ஒரு பி.டி.எஃப். கொடுத்தால் பிடித்துப்போகும் என்றுதான் தோன்றுகிறது!

பி.டி.எஃப்.பையும் மிஞ்சிய ஒன்று கேரள மலைநாட்டில் இருக்கிறது. இடியிறைச்சி! உப்பு தடவிய மாட்டிறைச்சியை அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டுப் புகையிலேயே காயவைப்பார்கள். கல்லாக இறுகிய பிறகு எடுத்து இடிப்பார்கள். நாராகப் பிரிந்ததை மறுபடி வறுப்பார்கள்! நம்ம ஊர் உப்புக்கண்டத்துக்குப் பங்காளி!

அப்படியானால் பழந்தமிழனுக்கு எந்தப் பதம் பிடித்திருந்தது? பொருநராற்றுப்படையைப் பாருங்கள்! சோழ ராஜா கரிகாலன் பொருநர்களுக்கு வைத்த விருந்தில் ஆட்டுத்தொடை வேகவைத்து வருகிறது, கொழுத்த துண்டு கம்பியில் சுட்டு வருகிறது. சூடு தாங்காமல் வாயின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றித் தின்கிறார்கள்! இரவு பகலாகத் தின்று தின்று பல்லெல்லாம் உழுத கொழுமுனை போல் மழுங்கிப்போனதாம்! போதுமடா சாமி என்று ஊருக்குக் கிளம்பினால், “அதற்குள்ளே போகிறீர்களா?” என்று ராஜாவுக்குக் கோபம் வந்த மாதிரி முகம் மாறுகிறது! அப்புறம் கையில் என்ன கொடுத்து அனுப்பினான் தெரியுமா? யானை! அதுவும் கன்றோடு!