டிரம்ஸும் கிடாரும் இல்லாத ராக்

‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரின் முதல் சீசனைப் பார்த்தவர்களுக்கு மூன்றாவது எபிசோடின் முடிவு மறந்திருக்காது. காணாமல்போன சிறுவனின் உடல் என்று எல்லோரும் நம்புகிற ஒன்றைக் குவாரித் தண்ணீரிலிருந்து வெளியே எடுக்கிறார்கள். பின்னணியில் கரகரத்த, முதிர்ந்த குரல் ஒன்று. அதைச் சுற்றி வயலின்கள், செல்லோக்கள். பாட்டு டேவிட் போவியின் ‘ஹீரோஸ்’. பாடுபவர் பீட்டர் கேப்ரியல்.

அறுபது வயது நிறைந்த 2010 பிப்ரவரியில் அவர் வெளியிட்ட ‘ஸ்கிராட்ச் மை பேக்’ ஆல்பத்தின் முதல் பாட்டு அது. ‘ஜெனிசிஸ்’ குழுவின் பாடகராக இருந்து 1975-ல் விலகித் தனி வழி கண்டவர் கேப்ரியல். மாண்டலின் ஸ்ரீநிவாஸின் ‘ராம ஸ்ரீராம’ ஆல்பத்தை 1994-ல் உலகத்துக்குக் கொண்டுபோன ‘ரியல் வேர்ல்ட்’ இசை நிறுவனம் அவர் தொடங்கியதுதான்.

‘ஸ்கிராட்ச் மை பேக்’ ஆல்பத்தில் இருக்கும் பன்னிரண்டு பாட்டுகளில் ஒன்றுகூட அவருடையதல்ல. போவி, பால் சைமன், லூ ரீட், நீல் யங், ரேடியோஹெட், ஆர்கேட் ஃபயர் என்று மற்றவர்களின் பாட்டுகள். டிரம்ஸ் கூடாது, கிடார் கூடாது என்பது அவர் தனக்கே போட்டுக்கொண்ட நிபந்தனை. ராக் இசையின் காலும் கையும் அந்த இரண்டும்தான்.

ராக் பாட்டுக்குப் பின்னால் ஆர்கெஸ்ட்ராவை உட்கார வைப்பது ரொம்பப் பழைய பழக்கம். 1999-ல் மெட்டாலிகா குழு சான் பிரான்சிஸ்கோ சிம்பொனியோடு சேர்ந்து வாசித்ததைக் கேட்டுப் பாருங்கள். டிரம்ஸும் கிடாரும் வழக்கம்போல முழங்குகின்றன. வயலின்கள் அந்த இரைச்சலைத் தாண்டிக் காதில் விழவே திணறுகின்றன. கேப்ரியல் குழுவையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார். இசைக்கோர்ப்பைப் பெருமளவு ஏற்றுக்கொண்டவர் ஜான் மெட்காஃப். வயோலா வாசிப்பவர், மான்செஸ்டரின் ‘தி டுருட்டி காலம்’ ராக் குழுவில் இருந்தவர். சிறு ஸ்வரக் கோவையைத் திரும்பத் திரும்பச் சுழலவிட்டு, மெல்ல மெல்ல அடர்த்தி ஏற்றுவது அவர் பாணி. அலங்காரம் என்று ஒரு இழைகூட இல்லை.

‘ஹீரோஸ்’ இதற்கு நல்ல சாட்சி. 1977-ல் பெர்லின் சுவருக்குப் பக்கத்தில் இருந்த ஹான்சா ஸ்டுடியோவில் போவி அதைப் பாடியபோது, தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டி மூன்று மைக்குகள் வைத்தார். ஒன்று வாயருகே, இன்னொன்று சுமார் 20 அடி தள்ளி, மூன்றாவது சுமார் 50 அடி தள்ளி. குரல் ஓர் அளவுக்கு மேல் உயர்ந்தால்தான் தூரத்து மைக்குகள் திறக்கும். அதனால் போவி கடைசிப் பகுதியில் கத்தியே ஆக வேண்டியிருந்தது. அந்தக் கத்தலில்தான் பாட்டின் துணிச்சல் இருக்கிறது. கேப்ரியல் அதே வரிகளைப் பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதுபோலத் தொடங்குகிறார். நடுவில் வயலின்கள் பொங்கி எழும்போது அவர் குரலும் எழுகிறது, ஆனால் வெற்றி முழக்கம் அதில் இல்லை. ஒரே ஒரு நாளைக்குத்தான் இந்த வீரம் என்று பாட்டு சொல்வதன் கனம் எனக்கு உறைத்தது இந்த வடிவத்தில்தான்.

அதைவிடவும் பெரிய சாதனை ‘தி பாய் இன் தி பபிள்’. பால் சைமனின் 1986 ‘கிரேஸ்லேண்ட்’ ஆல்பத்தில் லெசோத்தோ நாட்டு அக்கார்டியன் துள்ளத் துள்ள வரும் பாட்டு. கால் தானாகத் தாளம் போடும். அந்தத் துள்ளலில், வரிகளில் குண்டு வெடித்துக்கொண்டிருப்பது கவனத்தில் படாமலே போய்விடும். கேப்ரியல் அக்கார்டியனைத் தூக்கிவிட்டுப் பியானோவை வைத்து, வேகத்தைப் பாதியாக்கி, செய்தி வாசிப்பவர் போல நிதானமாகப் பாடுகிறார். ஒளிந்துகொள்ள இடமில்லாமல் ஒவ்வொரு வரியும் முன்னால் வந்து நிற்கிறது.

எல்லாப் பாட்டும் இப்படித் தேறவில்லை. ரேடியோஹெட்டின் ‘ஸ்ட்ரீட் ஸ்பிரிட்’டில் கிடார் தந்திகள் ஒவ்வொன்றாக மீட்டப்படும் அந்த ஓட்டம்தான் உயிர், அதை எடுத்ததும் பாட்டு நடை தளர்ந்துவிடுகிறது. ஆல்பத்தின் பின்பாதியில் ஒரே விளம்பகாலமாகத் தொடர்வது அலுப்புத் தட்டுகிறது. ஆர்கேட் ஃபயரின் ‘மை பாடி இஸ் எ கேஜ்’ போல ஆர்கெஸ்ட்ரா முழு பலத்தோடு வெடிக்கும் இடம் இன்னும் இரண்டாவது இருந்திருக்கலாம்.

இப்படி எதையாவது ஒதுக்கிவைத்து வேலை பார்ப்பது கேப்ரியலுக்குப் புதிதல்ல. 1980-ல் வந்த தன் மூன்றாவது ஆல்பத்தில் சிம்பலே கூடாது என்று டிரம்ஸ் வாசித்தவர்களுக்குத் தடை போட்டார். அந்தத் தடையிலிருந்து பிறந்த டிரம்ஸ் ஒலியைத்தான் 80-களின் ராக் இசை பெருமளவு பின்பற்றியது.

தான் யாருடைய பாட்டைப் பாடினாரோ, அவர்கள் தன் பாட்டு ஒன்றைப் பதிலுக்குப் பாடித் தர வேண்டும் என்பது கேப்ரியலின் திட்டம். போவி, நீல் யங், ரேடியோஹெட் தவிர மற்றவர்கள் பாடித் தந்தார்கள். அவற்றைத் தொகுத்த ஆல்பம் 2013-ல்தான் வந்தது. அதில் பால் சைமன் எடுத்துக்கொண்டது ‘பீகோ’. 1977-ல் போலீஸ் காவலில் உயிரிழந்த தென்னாப்பிரிக்கப் போராளி ஸ்டீவ் பீகோவுக்காகக் கேப்ரியல் 1980-ல் வெளியிட்ட பாட்டு. நிறவெறி அரசுக்கு எதிரான கலாசாரப் புறக்கணிப்பை மீறி ஜோகன்னஸ்பர்க் போய் ‘கிரேஸ்லேண்ட்’ பதிவு செய்தார் என்று கடும் கண்டனத்துக்கு ஆளானவர் சைமன். கேப்ரியலின் மூலப் பதிவில் அதிரும் முரசை அவர் தொடவில்லை. கிடாரை வைத்துக்கொண்டு அடக்கமாகப் பாடியிருக்கிறார்.